மூன்றாவது காய்

ஜெய்ப்பூர்
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சுகன்யா எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்ல சுகம். நீ, மச்சான், உன் மாமியார் எல்லோரும் சுகமா? உன் எஸ்டேட்டில் டவர் இல்லாத புண்ணியத்தில் நானும் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன். தபால் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு கடிதம்கூட எழுதத் தெரியாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

போடியில் ரயில் ஏறியவள் நாலாம் நாள் காலையில்தான் கால் தரையில் பட இறங்கினேன். பொற்கொடி அத்தை ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். அப்பாவின் கூடப் பிறந்தவர்கள் என்பது அந்த மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தை வீட்டு மாமாவின் ஏலக்காய்க் கடை கீழே, வீடு மேலே. அவர்கள் மகன் முத்துக்கிருஷ்ணன் அத்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். முப்பத்தாறு வயதாகிறது, முப்பத்தாறு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

நேற்று ஊர் சுற்றினோம். கடைத்தெரு முழுக்க ஒரே செங்காவி நிறம். அரண்மனையில் ஆளுயரத்துக்கு வெள்ளி அண்டா இரண்டு இருக்கிறது. அந்தக் காலத்து ராஜா சீமைக்குக் கப்பலில் போனபோது அதில் கங்கைத் தண்ணீர் கொண்டுபோனாராம். "நம்ம ஊருல மாடி டேங்குக்கு ஆகும்"னு சொன்னேன், அத்தை முறைத்தார்கள். கோட்டைக்கு ஜீப்பில் ஏறும்போது கூட வந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்கள். போடிமெட்டு வளைவில் பதினெட்டுப் பேரோடு ஜீப்பில் தொங்கியவளுக்கு அதெல்லாம் ஒரு ஏற்றமா?

ஆனால் ஹவா மஹால் என்று ஒன்று இருக்கிறது அக்கா. தெருவில் நின்று பார்த்தால் ஐந்து மாடி, தொள்ளாயிரத்துச் சொச்சம் ஜன்னல். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளே போய்ப் பார்த்தால் மேல் மாடியில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. எல்லாம் முகப்புதான். நம் பாஷையில் சொன்னால் பொக்கு. ராணிகள் அந்த ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார்களாம், தெருவில் இருப்பவர்களுக்கு அவர்களைத் தெரியாதாம். அதை வழிகாட்டி பெருமையாகச் சொன்னார்.

பொக்கு என்று எழுதியதும் நாம் ஏலக்காய் பிரித்த குடோன் ஞாபகம் வந்துவிட்டது. யாராவது புளுகினால் மேலே பச்சையாக, உள்ளே ஒரு விதை அரிசிகூட இல்லாத காயாகப் பார்த்து ஒன்றை எடுத்து நீ சத்தமில்லாமல் என் முறத்தில் போடுவாய். மேஸ்திரி மொக்கச்சாமி தன் வீரதீரத்தைச் சொல்லும்போதெல்லாம் என் முறம் பாதி பொக்காகத்தான் இருக்கும். அந்த மனுஷனுக்குக் கடைசி வரை தெரியாது.

அக்டோபர் பத்தாம் தேதி திரும்ப டிக்கெட். தபால் வேலைப் பட்டியல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் குறித்த தேதிக்குள் சான்றிதழோடு நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வேலை கிடைத்தால் இனி முறமும் வேண்டாம் மொக்கச்சாமியும் வேண்டாம். உனக்கு வளையல் வாங்கிவிட்டேன். என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன்.

உன் பதிலுக்கு ஏங்கும்
சுகன்யா


எஸ்டேட் லயன் வீடு
26.9.2024

அன்புத் தங்கச்சி சுகன்யாவுக்கு,

அக்கா சந்திரவல்லி ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். உன் நலமும் அத்தை வீட்டார் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தை உன் மச்சான்தான் முதலில் வாசித்தார். வெள்ளி அண்டாவுக்குச் சிரித்தார். அத்தையிடம் வாயை அடக்கிப் பேசு. நம் வீட்டில் உன் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லாமல் போனது அம்மா போனதிலிருந்துதான்.

இங்கே மூன்றாவது சுற்று ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. மழை விடவில்லை. இந்தப் பொங்கலுக்காவது போடிக்கு இறங்கலாம் என்று நினைத்திருந்தேன், மாமியாருக்கு மூட்டுவலி, முடியாது போலிருக்கிறது. போன இரண்டு பொங்கலும் இப்படித்தான் ஆனது. பரவாயில்லை, நீ வந்ததும் மேலே வந்துவிட்டுப் போ. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வா. மச்சானுக்குச் சொல்லாமல் வந்தால் பிடிக்காது.

அந்த ராணிகளுக்கு வேடிக்கை பார்க்கவாவது தெரு இருந்திருக்கிறது.

கடிதத்தை மச்சான் டவுனுக்குப் போகும்போது போடுவார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சந்திரவல்லி


ஜெய்ப்பூர்
14.10.2024

பாசமிகு அக்கா சந்திரவல்லி அவர்களுக்கு,

சுகன்யா வணக்கத்துடன் எழுதுவது. நான் மிக்க நலம். தங்கள் நலமும் மச்சான் நலமும் அறிய விழைகிறேன்.

இங்கே எல்லோரும் என்னை மகள் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்குக் கடையில் வியாபாரம் அதிகம் என்பதால் என் டிக்கெட்டை அத்தை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கும் இங்கேயே இருக்கத்தான் விருப்பம். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அத்தை பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். என் ஆதார் அட்டையும் சான்றிதழ்களும் தொலைந்துவிடக் கூடாது என்று அத்தை பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

காலை முதல் மாலை வரை மாடி அறையில் காய் பிரித்துக் கொடுக்கிறேன். இந்த ஊரில் குரங்குத் தொல்லை அதிகம். அதனால் அறைக் கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். ஜன்னல் வழியாகத் தெரு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து பேசுகிறோம்.

அத்தை இந்தக் கடிதத்தை வாசித்துப் பிழை திருத்தித் தந்தார்கள். நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். கடைச் சரக்கில் நாலு காய் இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதவும்.

தங்கள் அன்புத் தங்கை
சுகன்யா


எஸ்டேட் லயன் வீடு
6.11.2024

சுகன்யாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலத்துக்கு என்ன குறை, நீயே எழுதியிருக்கிறாயே.

கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத மனம் வரவில்லை. அரண்மனையைக் கண்டதும் அக்கா 'அவர்கள்' ஆகிவிட்டேனா? 'தங்கள்', 'விழைகிறேன்' என்றெல்லாம் எங்கே படித்தாய்? தீபாவளிக்கு வருவாய் என்று உனக்கு அதிரசம் சுட்டு வைத்திருந்தேன். எறும்பு தின்றது.

நீ வைத்த காயை என் மாமியார் பார்த்த உடனே தட்டி டீயில் போட்டுவிட்டார். நம் ஊர்க்காரர்கள் கையில் ஏலக்காய் கிடைத்தால் வேறு என்ன செய்வார்கள்? டீயில் வாசமே இல்லை. "உமியத் தட்டிப் போட்டாப்புல இருக்கு. இதையா ஆயிரக்கணக்குல மைல் தாண்டிக் கொண்டுபோயி விக்கிறாக?" என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். உள்ளே ஒன்றிலும் அரிசி இல்லையாம்.

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். முக்கியமான செய்தி. தபால் வேலைப் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது! குரங்கணிக்குப் போட்டிருக்கிறார்களாம். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் காய் எடுக்க வரும் வேலுத்தாய் அக்கா நேற்று வந்து சொன்னார். டிசம்பர் பத்துக்குள் தேனியில் சான்றிதழ் காட்ட வேண்டும். அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். இனியும் அங்கே உட்கார்ந்து ராணி வேஷம் போடாமல் வெரசாகப் புறப்பட்டு வா.

அக்கா
சந்திரவல்லி


ஜெய்ப்பூர்
13.11.2024

சௌபாக்கியவதி சந்திரவல்லிக்கு அத்தை பொற்கொடியின் ஆசீர்வாதம். இங்கு யாவரும் சௌக்கியம். அங்கு மாப்பிள்ளை ஈஸ்வரனும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருக்க மீனாட்சி துணை.

உன் கடிதம் என் கைக்குத்தான் வந்தது. மனது புண்பட்டுவிட்டது. இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் கடை நடத்துகிறோம். எங்கள் சரக்கில் வாசமில்லை என்று இதுவரை எந்தச் சேட்டும் சொன்னதில்லை. இத்துடன் நூறு கிராம் எட்டு மில்லி முதல் தரக் காய் அனுப்பியிருக்கிறேன். உன் மாமியாரை இதைத் தட்டி டீ போட்டுக் குடிக்கச் சொல்லு. பிறகு பேசட்டும்.

மற்ற விஷயம், குரங்கணியில் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுக்கவா என் அண்ணன் பெண்ணைப் பெற்றார்? அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம். அண்ணனும் போனில் சொல்ல வந்தார், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றுவிட்டேன். தையில் அவளுக்கும் என் முத்துக்கிருஷ்ணனுக்கும் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். அண்ணனும் சம்மதித்தாயிற்று. சொந்தப் பெண் வீட்டோடு இருந்து காயும் பிரித்துக்கொடுத்தால் வெளி ஆளை நம்பிச் சரக்கை விட வேண்டியதில்லை பார். அவளுக்கு நல்ல புத்தி சொல்லி நாலு வரி எழுது. உன் பேச்சைத்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
பொற்கொடி


எஸ்டேட்
19.11.2024

அப்பாவுக்கு,

சந்திரவல்லி எழுதுகிறேன். இதை வேலுத்தாய் அக்கா மடியில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். நலம் விசாரிக்க நேரமில்லை.

நேற்று அத்தையின் பார்சல் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க வாசம். ஒவ்வொரு காயாக உடைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அரிசி நிறைந்திருக்கிறது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா. இவ்வளவு நல்ல சரக்கில் இருந்து சுகன்யா எனக்கு நாலு பொக்கைப் பொறுக்கி வைத்திருக்கிறாள். அவள் கை ஆறு வருடம் காய் பிரித்த கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் பொக்கை உருட்டியே சொல்லிவிடுவாள். தவறி வைக்க மாட்டாள்.

குடோனில் யாராவது புளுகினால் நாங்கள் பொக்கு போட்டுக்கொள்வோம். அந்தக் கடிதம் மொத்தமும் புளுகு. சந்தோஷம் என்று எழுதியது புளுகு, இருக்க விருப்பம் என்றது புளுகு. கதவை வெளியே பூட்டுவது குரங்குக்காக இல்லை. அவள் என்னிடம் கத்தியிருக்கிறாள் அப்பா, நான் அதை டீயில் போட்டுக் குடித்துவிட்டேன். போதாததற்கு அவளைத் திட்டி வேறு எழுதினேன்.

நீங்கள் அத்தையிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்றிருப்பீர்கள். உங்கள் பார்க்கலாம் எல்லோருக்கும் சம்மதமாகத்தான் போய்ச் சேர்கிறது. என் விஷயத்திலும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதை இப்போது பேச வேண்டாம்.

நீங்களே நேரில் போங்கள். போனில் சொல்லாமல் போங்கள். டிசம்பர் பத்துக்குள் அவள் தேனியில் நிற்க வேண்டும். ஆதாரையும் சான்றிதழ்களையும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

சந்திரவல்லி


எஸ்டேட் லயன் வீடு
19.11.2024

அன்புத் தங்கச்சி சுகன்யாவுக்கு,

அக்கா ஆசையோடு எழுதுவது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். உன் நலம் அறிய ஆவல்.

அத்தை எழுதியதைப் படித்தோம். அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ரொம்ப சந்தோஷம். நீ ஊருக்கு வர அவசரப்பட வேண்டாம், அத்தை சொல்படி அங்கேயே இரு. இங்கே மழை நின்று பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தை அனுப்பிய காயில் டீ போட்டோம். மாமியார் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

எங்கள் தோட்டத்துக் காய் மூன்று வைத்திருக்கிறேன். நீ பார்த்துக்கொள்.

உன் அக்கா
சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
9.12.2024

அக்கா,

நான் வந்துவிட்டேன். நம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலாம் தேதி தேனியில் சான்றிதழ் காட்டியாயிற்று, எல்லாம் சரி என்றுவிட்டார்கள். தை மாதம் குரங்கணியில் சேர வேண்டும்.

உன் கடிதத்தை அத்தை சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஒங்க அக்காளுக்கு இருக்குற புத்தி ஒனக்கில்லையே ஆத்தா" என்றார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் உறையைக் கவிழ்த்தேன். மூன்று காய் உள்ளங்கையில் விழுந்தது. எடையே இல்லை. அத்தை முன்னால் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் இருமினேன். அன்றே என் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அப்பா வந்து நின்றார். வேட்டி சட்டை எல்லாம் ரயில் அழுக்கு, கையில் ஒரு மஞ்சப்பை. உட்காரக்கூட இல்லை.

"எம்மகளுக்கு வேலை வந்திருக்கு. கூட்டிட்டுப் போக வந்தேன்."

அத்தை, "என்னண்ணே இது? நீங்கதான தலையாட்டுனீங்க?" என்றார்கள்.

"தலையாட்டுனது நானு. கட்டிக்கப் போறது நானில்லையே" என்றார் அப்பா. அவர் இப்படிப் பேசி நீ கேட்டிருக்கிறாயா? அத்தை அழுதார்கள், கூடப் பிறந்தவளை அவமானப்படுத்துவதாகச் சொன்னார்கள். முத்துக்கிருஷ்ணன் அத்தான்தான் பீரோவைத் திறந்து என் காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். போனும் அதிலேதான் இருந்தது. தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஹவா மஹால் வந்தது. "எறங்கிப் பாக்கணுமாத்தா?" என்று அப்பா கேட்டார். "வேண்டாம்ப்பா, உள்ள இருந்தே பாத்துட்டேன்" என்றேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ரயிலில் மூன்று பகல் அந்தக் காய்களைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம் என்றாயே, அது ஒன்று. அங்கேயே இரு என்றாயே, அது இரண்டு. மூன்றாவது எதற்கு? மழை நின்றது உண்மை, வேலுத்தாய் அக்காவிடம் கேட்டுவிட்டேன். உன் மாமியார் டீ குடித்ததும் உண்மையாகத்தான் இருக்கும். உன் கடிதத்தில் மிச்சம் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நலமாக இருக்கிறேன் என்ற முதல் வரி.

ஜீப் டிரைவரிடம் உன் எஸ்டேட்டில் டவர் எப்போது வரும் என்று கேட்டேன். "அங்கனயா? ரெண்டு வருசமா ஃபுல் டவரு தங்கச்சி. ஒங்க மச்சான் தினம் வீடியோ பாத்துக்கிட்டுல்ல லோடு ஏத்துறாரு" என்றார்.

இதைத் தபாலில் போடவில்லை. வேலுத்தாய் அக்கா உன் கையில்தான் கொடுப்பார். எனக்குப் பொக்கு போட்டுப் பழக்கியது நீதானே. என்னிடம் மறைக்காதே. நான் மேலே வரட்டுமா?

உன் சுகன்யா


12.12.2024

சுகன்யா,

அடுப்படியில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். இந்தத் தடவை நலம் என்று ஆரம்பிக்கவில்லை.

அந்த மூன்றாவது காயை நான் யோசித்து வைக்கவில்லை. உனக்காக இரண்டைத்தான் பொறுக்கினேன். உறையை ஒட்டப்போகும்போது கை தானாக இன்னொன்றை எடுத்துப் போட்டது.

என் போனை அவர் உடைத்து இரண்டு வருடமாகிறது. வீட்டுச் சாவி மாமியார் இடுப்பில். டவர் இல்லை என்று உங்களை நம்பவைத்துவிட்டு, டவுனில் இருந்து அப்பாவிடம் பேசும்போது நான் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார். போடிக்கு இறங்கக் கேட்ட அன்றைக்கு நடந்ததை நேரில் காட்டுகிறேன், எழுதும்படி இல்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று பல தடவை நினைத்தேன். அம்மா இல்லாத வீட்டில் நீ ஒருத்தி கரையேறாமல் இருக்கும்போது நானும் திரும்பி வந்து நிற்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் நலம், நலம் என்று எழுதி எழுதி, ஒரு கட்டத்தில் அது எனக்கே பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவரும் மாமியாரும் மூட்டுவலிக்கு நெடுங்கண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். வெளியே பூட்டிக்கொண்டுதான் போவார்கள், ஆனால் பின்பக்கத் தகரம் ஆணி கழன்று கிடக்கிறது. இரண்டு பேர் பிடித்தால் தள்ளிவிடலாம். ஒரு ஆள் வெளியே வேண்டும். வேலுத்தாய் அக்காவோடு காலை ஜீப்பில் வா. அப்பாவையும் கூட்டி வா. இந்தத் தடவை பார்க்கலாம் என்று சொல்லவேண்டாம் என்று அவரிடம் சொல்லு.

எனக்குப் பை எதுவும் இல்லை. வளையலைப் போடியில் வந்து போட்டுக்கொள்கிறேன்.

சந்திரவல்லி

இதோடு காய் எதுவும் வைக்கவில்லை.